பிளட் தின்னர் எடுக்கும்போது சின்ன ரத்தக்கசிவு: அழுத்திப் பிடிப்பதா, மஞ்சள் வைப்பதா, மெடிக்கலா, ஆஸ்பத்திரியா, மாத்திரையை நிறுத்துவதா?

இதய வால்வு மாற்றியவர், ஸ்டென்ட் வைத்தவர், பக்கவாதம் வந்து தேறியவர், காலில் ரத்தம் கட்டிப் படுத்து எழுந்தவர் என்று, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை (பிளட் தின்னர்) போடுகிறவர்கள் தொண்டியிலிருந்து ஏர்வாடி வரைக்கும் நம் கரையோர ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்றுதான். தங்கூசி (மெல்லிய நைலான் இழை) வலை இழுத்து விரல் கிழிந்துவிட்டது, அரிவாள்மனையில் மீன் ஆயும்போது வெட்டிவிட்டது, பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறது, சளி என்று மூக்கைத் துடைத்தால் துண்டு சிவக்கிறது. இதற்கு வீட்டிலேயே ஏதாவது செய்து சமாளிக்கலாமா, மெடிக்கலில் கேட்டு ஒரு மாத்திரை வாங்கலாமா, ராமநாதபுரத்துக்கு வண்டி ஏறணுமா, இல்லை ரெண்டு நாள் பிளட் தின்னரை நிறுத்தி வைத்தால் தானாகச் சரியாகிவிடுமா?

கடைசி யோசனைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஆனால் அதுதான் பலருக்கும் முதலில் தோன்றுகிறது. அதனால் ஐந்து வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு கோடு

இங்கே பேசுவதெல்லாம் சின்னக் கசிவைப் பற்றி மட்டும். தலையில் அடிபட்டால், அது படகுக் கட்டையில் லேசாக இடித்ததுதான் என்றாலும், வெளியே ஒரு சொட்டு ரத்தம் வராவிட்டாலும், ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டியே ஆகவேண்டும். மண்டைக்குள் மெதுவாகக் கசிந்து பல மணி நேரம் கழித்துத் தெரிய வரலாம். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போவது, சிறுநீர் சிவப்பாக அல்லது கடுங்காப்பி நிறத்தில் வருவது, ரத்த வாந்தி, திடீரென்று வரும் கடுமையான தலைவலி, காரணமே இல்லாமல் உடம்பில் பெரிய பெரிய கன்றல்கள், இவற்றில் எது வந்தாலும் கீழே இருக்கும் ஒப்பீட்டைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். பீய்ச்சி அடிக்கிற ரத்தமும், வாய் பிளந்து நிற்கும் ஆழமான வெட்டும் அப்படித்தான். அந்த வெட்டை வண்டி வருகிற வரை அழுத்தியபடியே இருக்க வேண்டும்.

எதை வைத்து எடை போடுவது

"ரத்தம் நின்றதா" என்பதை மட்டும் பார்த்தால் போதாது. நான் பார்ப்பவை இவை: ரத்தம் உண்மையிலேயே நிற்குமா, நின்றது போல் காட்டிவிட்டு ராத்திரி மறுபடி ஆரம்பிக்குமா? காயத்தில் சீழ் வைக்குமா? நீங்கள் போடும் மாத்திரையோடு மோதுமா? நடுக்கடலிலும் கடல்பாசி எடுக்கும் பாறையிலும் செய்ய முடியுமா? கடைசியாகப் பணமும் நேரமும். ஒரு நாள் தொழில் போவது இங்கே சின்ன விஷயம் இல்லை, அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போடவேண்டும்.

இன்னொன்று, பிளட் தின்னர் என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லா மாத்திரையும் ஒரே மாதிரி இல்லை. உங்கள் சீட்டில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ரத்தம் கசிகிற விதமே அதைப் பொறுத்து மாறும்.

| சீட்டில் உள்ள பெயர் | என்ன செய்கிறது | நீங்களாக ஒரு வேளை விட்டால் |
|---|---|---|
| வார்ஃபரின், அசினோகூமரால் | கல்லீரல் வைட்டமின் கே-யைக் கொண்டு உருவாக்கும் உறைபொருட்களைக் குறைக்கிறது | இன்றைய ரத்தம் நிற்காது. விளைவு இறங்கவும் சில நாள், திரும்ப ஏறவும் சில நாள் |
| அபிக்ஸபான், ரிவராக்ஸபான், டாபிகாட்ரான் | உறைதலுக்கு வேண்டிய ஒரு பொருளை நேரடியாகத் தடுக்கிறது | ஒரு நாளுக்குள்ளேயே பாதுகாப்பு நன்றாகக் குறைந்துவிடும் |
| ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் | ரத்தத்தில் இருக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஒன்றோடொன்று ஒட்டாமல் செய்கிறது | தட்டணுவின் ஆயுளான 7 முதல் 10 நாள் வரை விளைவு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விலகும் |

காயத்தை முதலில் அடைப்பது தட்டணுக்கள். அந்த அடைப்பை அப்புறம் வலை போட்டு இறுக்குவது உறைபொருட்கள். அதனால் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் எடுப்பவருக்கு வெட்டிய உடனேயே நிற்காமல் கசியும். வார்ஃபரின் எடுப்பவருக்கோ முதலில் நின்றது போல் இருந்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கையை ஆட்டும்போது திரும்ப ஒழுகும். ரெண்டும் சேர்த்து எடுப்பவர்கள் இரண்டுக்கும் தயாராக இருக்கவேண்டும்.

1. அழுத்திப் பிடிப்பது

காசு செலவில்லாத வழி, எந்த இடத்திலும் செய்யக்கூடியது, பெரும்பாலான சின்னக் காயங்களுக்கு இது ஒன்றே போதும். ஆனாலும் "அழுத்திப் பார்த்தேன், நிற்கவில்லை" என்று சொல்லிக்கொண்டுதான் பலர் வருகிறார்கள், காரணம் யாரும் போதிய நேரம் அழுத்துவதில்லை. ஒரு நிமிஷம் பிடிப்பது, எடுத்துப் பார்ப்பது, மறுபடி பிடிப்பது, திரும்பவும் எடுத்துப் பார்ப்பது. ஒவ்வொரு தடவை துணியை எடுக்கும்போதும் அப்போதுதான் உருவான மெல்லிய அடைப்பு துணியோடு பிய்ந்து வந்துவிடுகிறது. மற்றவர்களுக்கே பத்து நிமிஷம் வேண்டும் என்றால் பிளட் தின்னர் எடுப்பவருக்குப் பதினைந்து, இருபது நிமிஷம் ஆகலாம். போனில் அலாரம் வைத்துக்கொண்டு, அது அடிக்கும் வரை துணியைத் தூக்கிப் பார்க்காமல் இருங்கள்.

கேனில் இருக்கும் குடிதண்ணீரை ஊற்றிக் கழுவி, சுத்தமான பருத்தித் துணியோ காஸ் துணியோ நாலாக மடித்துக் காயத்தின் மேலேயே வைத்து விரலால் நேராக அழுத்துங்கள். பஞ்சு வேண்டாம், இழை ஒட்டிக்கொண்டு எடுக்கும்போது மறுபடி கிழிக்கும். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடிக்க முடிந்தால் நல்லது. துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொரு மடிப்பு வைத்து அழுத்தத்தைக் கூட்டுங்கள். விரலின் அடியில் நூலையோ தங்கூசியையோ இறுக்கிச் சுற்றுவது படகில் வழக்கமாக நடக்கிறது, அது வேண்டவே வேண்டாம். மெல்லிய நூல் நரம்பை அறுக்கும், விரலுக்குப் போகிற ரத்தம் முழுவதும் நின்றுவிடும்.

மூக்கில் வந்தால் அண்ணாந்து படுக்கக் கூடாது, ரத்தம் தொண்டை வழியாக வயிற்றுக்குள் போய் வாந்திதான் வரும். உட்கார்ந்து, லேசாக முன்னால் குனிந்து, மூக்கின் எலும்புக்குக் கீழே இருக்கும் மெத்தென்ற பகுதி முழுவதையும் இரண்டு விரலால் இறுக்கி, வாயால் மூச்சு விட்டபடி பதினைந்து நிமிஷம். ஈறிலோ பல் பிடுங்கிய குழியிலோ வந்தால் ஈரமான காஸ் துணியை மடித்து வைத்து இருபது, முப்பது நிமிஷம் கடித்தபடி இருக்கவேண்டும்; துப்பித் துப்பி வாய் கொப்பளிக்கக் கூடாது.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால் பொறுமைதான், கூடவே இன்னொரு ஆள். வலை இழுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வள்ளத்தில் ஒருவர் இருபது நிமிஷம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் மற்றவர் மேல் வேலை விழும். பரவாயில்லை, உட்காருங்கள். வேலையை முடித்துவிட்டு அழுத்திக்கொள்ளலாம் என்று விட்டால் கசிவு இன்னும் அடங்காமல் போகும்.

2. மஞ்சள், காப்பித்தூள், பச்சிலை, டீசல்

நம் வீடுகளில் கை முதலில் போவது அஞ்சறைப்பெட்டிக்குத்தான். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, வெட்டுக்காயப்பூண்டை கசக்கிப் பிழிந்த சாறு, படகில் என்றால் டீசலோ பீடிச் சாம்பலோ. இவற்றை ஒரேயடியாக இகழ்கிற எண்ணம் எனக்கு இல்லை, பாட்டி கையால் வைத்துவிட்ட மஞ்சளில் ஆறிய காயங்கள் நம் எல்லோருக்கும் இருக்கும். ஆனால் அது தானாக உறையக்கூடிய ரத்தம். தூளைப் போட்டு மேலே அழுத்திப் பிடித்ததில் அந்த அழுத்தம் வேலை செய்தது, பேர் மஞ்சளுக்குப் போனது.

பிளட் தின்னர் எடுப்பவருக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. தூள் ரத்தத்தை உறிஞ்சி மேலே ஒரு பொருக்கு மாதிரி காட்டும், உள்ளே கசிவு நடந்துகொண்டே இருக்கும், நின்றுவிட்டது என்று நம்பித் தூங்கிவிடுவார்கள். சரி, நிற்கவில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் தையல் போடுவதற்கு முன் அந்தத் தூள் முழுவதையும் தேய்த்துக் கழுவி எடுக்கவேண்டும், அப்படித் தேய்க்கும்போது மறுபடி ரத்தம். நம் தொழிலில் காயம் படுவது மீன் முள்ளிலும் பாறையிலும் சிப்பியிலும், கடல் தண்ணீர் பட்ட காயம்; வெதுவெதுப்பான கடலில் விப்ரியோ வகைக் கிருமிகள் உண்டு, சர்க்கரை நோயோ ஈரல் நோயோ இருப்பவருக்கு அவை வேகமாகப் பரவும். அதன் மேல் தூளையும் சாம்பலையும் அப்புவது வீண் ஆபத்து. டீசல், மண்ணெண்ணெய், சுண்ணாம்பு மூன்றும் தசையையே பொசுக்கும்.

இது எங்கே பரவாயில்லை? ரத்தம் முழுவதும் நின்ற பிறகு, மேல்தோல் மட்டும் உராய்ந்த சிராய்ப்பில், மனதிருப்திக்குக் கொஞ்சம் மஞ்சள் வைத்தால் பெரிய கேடில்லை. ரத்தத்தை நிறுத்தும் வழியாக இதை நான் சொல்லமாட்டேன்.

ஐஸ் வேறு கணக்கு. தோல் கிழியாமல் அடிபட்டுக் கன்றிப் போனால் ஐஸ் ஒத்தடம் நல்லது, உள்ளே கசிவதைக் குறைக்கும். மீன் பெட்டி ஐஸை நேராக வைக்காமல், சுத்தமான பாலிதீன் பையில் போட்டுத் துணி சுற்றி, பத்துப் பத்து நிமிஷமாக வையுங்கள்.

3. மெடிக்கலில் வாங்குவது

இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு, ரெண்டும் ஒரே அலமாரியில் இருக்கிறது.

நல்லவை: காஸ் துணி, கிரேப் பேண்டேஜ், ஒட்டும் பிளாஸ்திரி, உப்புக்கரைசல் பாட்டில். ரத்தத்தை உறைய வைக்கும் ஜெலட்டின் ஸ்பாஞ்ச் என்று ஒன்றும் உண்டு, பல் டாக்டர்கள் பிடுங்கிய குழியில் வைப்பார்கள். டாக்டரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் ஈறுக் கசிவுக்கும் சின்ன வெட்டுக்கும் கை கொடுக்கும், வைத்தபின்னும் அழுத்தத்தான் வேண்டும்.

கெட்டது, ரத்தம் நிற்க ஏதாவது மாத்திரை கொடுங்கள் என்று கேட்டு வாங்கி விழுங்குவது. டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரை, உருவான உறைவு கரையாமல் பார்த்துக்கொள்ளும் மருந்து. மாதவிடாயில் அதிகம் போகிறது என்று வாங்கி வைத்த அட்டை பல வீட்டில் கிடக்கும். ஆனால் உங்களுக்கு உறைவு உருவாகக் கூடாது என்றுதானே இன்னொரு மாத்திரையே கொடுத்திருக்கிறார்கள்? அதனால் இதை விழுங்குவது டாக்டர் முடிவு செய்யவேண்டியது. இதே மருந்தைக் கரைசலாக்கி வாய் கொப்பளிக்கவோ காஸ் துணியில் நனைத்துக் கடிக்கவோ கொடுப்பது வேறு, பல் பிடுங்கியபின் வார்ஃபரின் எடுப்பவருக்கு அது நிரூபிக்கப்பட்ட நல்ல வழி, உள்ளே போவது மிகக் குறைவு. பல் பிடுங்கப் போவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மறைந்திருக்கும் செலவு வலி மாத்திரையில் இருக்கிறது. கெளுத்தி முள்ளோ திருக்கை முள்ளோ குத்தினால் உயிர் போகிற வலி வரும், மெடிக்கலில் டைக்ளோபினாக் அல்லது ஐபுபுரோபென் கொடுத்துவிடுவார்கள். இவை தட்டணுக்களையும் கெடுக்கும், வயிற்றையும் புண்ணாக்கும். பிளட் தின்னரோடு சேர்ந்தால் விரலில் ஆரம்பித்த கதை வயிற்றுக்குள் போய் முடியும். பாராசிட்டமால் கேளுங்கள், அதையும் நாள்கணக்கில் முழு அளவில் தொடர்ந்தால் வார்ஃபரின் எடுப்பவருக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பரிசோதனையில் காட்டும் எண்; ஏறினால் ரத்தம் எளிதில் கசியும்) ஏறலாம். முள் குத்திய விஷ வலிக்குப் பொறுக்கும் அளவு வெந்நீரில் கையையோ காலையோ வைத்திருப்பதுதான் நல்ல நிவாரணம்; முதலில் ரத்தத்தை நிறுத்துங்கள், அப்புறம் வெந்நீர். முள் ஆழமாக ஏறி உள்ளேயே நின்றால் பிடுங்காதீர்கள், அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

4. ஆஸ்பத்திரிக்குப் போவது

எப்போது இதுதான் சரி? இருபது நிமிஷம் விடாமல் அழுத்தி, இன்னொரு தடவை அதே மாதிரி அழுத்தியும் கசிவு நிற்கவில்லை என்றால். நின்று நின்று ஒரே நாளில் பல தடவை வந்தால். மீன் முள், துருப்பிடித்த தூண்டில், பாறை குத்தி ஆழமாக இறங்கினால். ஒரு காரணமும் இல்லாமல் ஈறிலும் மூக்கிலும் அடிக்கடி வந்தால், ஏனென்றால் அப்போது பிரச்சினை ஈறில் இல்லாமல் மாத்திரை அளவில் இருக்கலாம். வார்ஃபரின், அசினோகூமரால் எடுப்பவருக்கு ஐ.என்.ஆர். பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்கவேண்டும், இதயத்தின் இடது பக்க அறைகளுக்கு நடுவே இருக்கும் மைட்ரல் பகுதியில் உலோக வால்வு வைத்தவருக்கு 2.5-இலிருந்து 3.5 வரை. அது 5, 6 என்று ஏறிவிட்டதா என்று ரத்தப் பரிசோதனைதான் சொல்லும், வீட்டில் இருந்து யாராலும் சொல்ல முடியாது.

செலவு தெரிந்ததுதான். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுமார் 55 கிலோமீட்டர், அரிச்சல்முனையில் இருந்தால் ராமேஸ்வரம் வரவே சுமார் 20 கிலோமீட்டர். பஸ், காத்திருப்பு, கூட வருபவரின் கூலி எல்லாம் சேர்த்தால் ஒரு நாள் போய்விடும். அதனால்தான் சின்னதற்கெல்லாம் ஓடச் சொல்லவில்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கட்டுப் போடுவதும் டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசியும் முடிந்துவிடும்.

தெரியாத செலவு ரெண்டு. ஒன்று, நீங்கள் பிளட் தின்னர் எடுப்பது தெரியாமல் இடுப்பில் ஒரு வலி ஊசி போட்டுவிட்டால் அந்தத் தசைக்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளும். உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தையாக, "நான் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறேன்" என்று சொல்லுங்கள், நர்சிடம் ஒருமுறை, டாக்டரிடம் ஒருமுறை. டிடி ஊசி தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும், போட்ட இடத்தைத் தேய்க்காமல் ஐந்து நிமிஷமாவது அழுத்திப் பிடியுங்கள். இரண்டாவது, காயத்துக்கு எழுதித் தரும் ஆன்டிபயாடிக். மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவை வார்ஃபரின் எடுப்பவருக்கு ஐ.என்.ஆரை ஏற்றிவிடும். விரல் காயம் ஆறிக்கொண்டிருக்கும்போது நாலாம் நாள் மூக்கில் ரத்தம் வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை தரும்போதே, எப்போது ஐ.என்.ஆர். பார்க்க வரணும் என்று கேட்டுவிடுவது நல்லது.

5. மாத்திரையை நிறுத்துவது

இதை யாரும் செலவு என்றே நினைப்பதில்லை. ஒரு பைசா போகாது, பஸ் ஏறவேண்டாம், ரெண்டு நாளில் ரத்தமும் நின்றுவிடும், மாத்திரையை நிறுத்தியதால்தான் நின்றது என்று தோன்றும். ஆனால் மேலே அட்டவணையில் பார்த்தது போல வார்ஃபரினின் விளைவு இறங்கச் சில நாள் ஆகும், அதற்குள் அந்த வெட்டு தானாகவே மூடியிருக்கும். அதாவது நிறுத்தியதால் வந்த நன்மை ஒன்றும் இல்லை, விளைவு இறங்குவது காயம் ஆறிய பிறகு, பாதுகாப்பு இல்லாத நாட்கள் அப்போதுதான் ஆரம்பிக்கின்றன. உலோக வால்வில் உறைவு பிடித்தால் வால்வே அடைத்துக்கொள்ளும். இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவருக்கு இதயத்துக்குள் உருவாகும் உறைவு மூளைக்குப் போனால் பக்கவாதம். ஸ்டென்ட் வைத்து சில மாதமே ஆனவர் குளோபிடோக்ரலை விட்டால் ஸ்டென்ட்டுக்குள் அடைத்து மாரடைப்பு. ஒரு விரல் வெட்டுக்கு இந்த விலையா?

டாக்டரே ஒரு வேளையைத் தள்ளிப்போடச் சொல்லும் சமயம் உண்டு. குறிப்பாக அபிக்ஸபான் வகையில், கசிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த மாத்திரை நேரம் வந்துவிட்டால் அப்படிச் சொல்லலாம். அதனால் அந்த நேரத்தில் போன் பண்ணிக் கேளுங்கள். கேட்க ஆள் கிடைக்கவில்லை, ரத்தமும் அழுத்தி நின்றுவிட்டது என்றால் மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொள்வதுதான் சரி. விட்டுப்போனது என்று அடுத்த வேளை ரெண்டாகப் போடுவதும் கூடாது.

வார்ஃபரின் எடுப்பவர்கள் ரத்தம் வருகிறதே என்று திடீரென்று தினமும் முருங்கைக்கீரை சாப்பிட ஆரம்பிப்பதும் பாதி நிறுத்தியதற்குச் சமம், அதில் வைட்டமின் கே அதிகம். கீரையை விடவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம், வாரத்துக்கு எப்போதும் எவ்வளவோ அவ்வளவு.

எந்த இடத்தில் எது

வீட்டில், கரையில்: அழுத்திப் பிடிப்பது முதலில், மெடிக்கல் காஸ் துணி துணைக்கு, நிற்காவிட்டால் பக்கத்து சுகாதார நிலையம். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

கடலில்தான் கணக்கு மாறும். கரையில் இருபது நிமிஷம் ரெண்டு தடவை அழுத்திப் பார்த்து அப்புறம் கிளம்பலாம். ஆனால் திரும்பிவர நாலு மணி நேரம் ஆகும் இடத்தில் இருக்கும்போது முதல் இருபது நிமிஷத்திலேயே நிற்கவில்லை என்றால் படகைத் திருப்பச் சொல்லிவிடுங்கள், ரெண்டாவது தடவை அழுத்துவதை வரும் வழியில் வைத்துக்கொள்ளலாம். நிலைமை மோசம் என்றால் கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. பிளட் தின்னர் எடுப்பவர் தனி ஆளாகக் கடலுக்குப் போகாமல் இருப்பது நல்லது, கூடப் போகிறவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கௌரவம் பார்த்து மறைப்பவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

பாசி எடுக்கப் போகும் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் பாறையில் கை வைக்கிறார்கள், ஆனால் நனைந்த துணி அறுபட்டுவிடும், அதே ஈரத் துணியால் காயத்தையும் கட்டிக்கொள்கிறார்கள். காய்ந்த காஸ் துணி ரெண்டு மடிப்பு, ஒரு பேண்டேஜ், ஒரு பாட்டில் குடிதண்ணீர், இதைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு வள்ளத்தில் வைத்துவிட்டால் அந்தப் பிரச்சினை தீரும். அதே டப்பாவில் ஒரு அட்டை: உங்கள் பெயர், மாத்திரையின் பெயரும் அளவும், எதற்காக எடுக்கிறீர்கள், கடைசி ஐ.என்.ஆர். எவ்வளவு, எந்தத் தேதியில் பார்த்தது, டாக்டர் நம்பர். மாத்திரை அளவு மாறும் ஒவ்வொரு தடவையும் பழைய அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதி வையுங்கள்.